அந்தக் காலத்துப் படங்களில் "இதெல்லாம்" இல்லையாமே?

கேள்வி, 9.2.2025

அப்பாவோடு உட்கார்ந்து எந்த வெப் சீரிஸும் பார்க்க முடியவில்லை. ஐந்தாவது நிமிடத்தில் யாராவது துணியைக் கழற்றிவிடுகிறார்கள். ரிமோட்டைத் தேடுவதற்குள் மானம் போகிறது. அந்தக் காலத்துப் படங்களில் இதெல்லாம் கிடையாது. கண்ணியமாக எடுத்தார்கள், கண்ணியமாகப் பார்த்தோம். நாற்பது வருடத்தில் எப்படி இவ்வளவு கெட்டுப்போனோம்? பழைய ஆட்கள் யாராவது சொல்லுங்கள்.

9.2.2025, இரவு 10.40

"கண்ணியமாகப் பார்த்தோம்" என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். எனக்கு 61 வயது, தாராபுரம் பக்கம். எங்கள் ஊர் டாக்கீஸில் 80களில் சனி, ஞாயிறு பதினொரு மணிக்குக் காலைக் காட்சி. மலையாளப் படம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, காலைக் காட்சி என்றாலே ஊருக்குப் புரியும். எதிர் டீக்கடையில் பத்துப் பதினைந்து பேர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளே விளக்கு அணைந்த பிறகுதான் ஒவ்வொருவராக ரோட்டைக் கடந்து டிக்கெட் எடுப்பார்கள். இடைவேளையில் விளக்குப் போட்டால் மொத்தக் கொட்டகையும் குனிந்து செருப்பைத் தேடும். பள்ளியில் எனக்குக் கணக்கு எடுத்த வாத்தியாரும் நானும் ஒருமுறை ஒரே செருப்பைத் தேடியிருக்கிறோம்.

ஒளிந்து பார்த்தோம் என்று எழுதுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

10.2.2025, காலை 7.15

பிட்டு என்றால் என்ன என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நல்ல தலைமுறை.

படப்பெட்டியோடு தனியாக ஒரு சின்ன டப்பா வரும். அதில் ஐந்து நிமிடம் ஓடக்கூடிய துண்டு பிலிம். வேறு ஏதோ படத்தில், வேறு ஏதோ நாட்டில் எடுத்தது. ஆபரேட்டர் அதை இடைவேளைக்குப் பிறகு வரும் ரீலில் ஒட்டிவிடுவார். கேரளத்து வீட்டில் கதாநாயகி கதவைச் சாத்துவாள். அடுத்த நொடி வெள்ளைக்காரி ஒருத்தி இருப்பாள். கலர் மாறும், சத்தம் நின்றுபோகும். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அதிகாரிகள் வருகிறார்கள் என்று கீழேயிருந்து மணி அடித்தால் பிட்டு வராது, அன்றைக்குச் சீட்டுக்குத்தான் அடி விழும்.

படம் தொடங்குமுன் சென்சார் சான்றிதழ் திரையில் நிற்குமே, அதில் படத்தின் நீளத்தை மீட்டரில் போட்டிருப்பார்கள். அதில் போட்டதைவிட நீளமாகப் படம் ஓடிய ஊர் எங்கள் ஊர். ஆபரேட்டர் எனக்கு அண்ணன் முறை, அதனால் தெரியும்.

10.2.2025, இரவு 9.05

எழுதும்போதே இன்னொன்று ஞாபகம் வந்தது. மலையாளம் என்றாலே கூட்டம் வரும் என்று ஒரு வாரம் அடூர் கோபாலகிருஷ்ணனின் 'எலிப்பத்தாயம்' படத்தைக் காலைக் காட்சிக்குப் போட்டுவிட்டார்கள். 1982இல் லண்டனில் சதர்லாண்ட் கோப்பை வாங்கிய படம். எங்கள் ஊருக்கு அது தெரியாது. எலிப்பொறியோடு ஒரு பெண் நடந்துபோகிறாள். வருகிறாள். ஒரு மனிதன் மீசையிலிருக்கும் நரையைப் பார்க்கிறான். அரை மணி நேரம் பொறுத்த ஒரு பெரியவர், "எலி எப்பப்பா துணியக் கழட்டும்?" என்று கேட்டார். கொட்டகையே சிரித்தது. நான் மட்டும் முழுப்படமும் பார்த்தேன். பிட்டுக்காகக் காத்திருந்துதான் பார்த்தேன், பெருமைக்குச் சொல்லவில்லை. ஆனால் சினிமா என்றால் இப்படியும் இருக்கலாம் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

12.2.2025, இரவு 11.20

சரி, கேள்விக்கு வருகிறேன். "அந்தக் காலத்தில் இல்லை" என்பதில் எந்தக் காலம்?

1913இல் பால்கே எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா'விலேயே குளியல் காட்சி இருக்கிறது. ஹரிச்சந்திரன் மனைவி தாராமதியும் தோழிகளும் தொட்டியில் நனைந்த புடவையோடு விளையாடுவார்கள். ஒரே ஒரு விஷயம், அத்தனை பேரும் ஆண்கள். நடிக்கப் பெண் கிடைக்காததால் சாளுங்கே என்பவர்தான் தாராமதி. நம் நாட்டு சினிமாவின் முதல் ஈரப்புடவை ஒரு ஆம்பிளையின் மேல் இருந்தது. 1933இல் வந்த 'கர்மா'வில் தேவிகா ராணியும் ஹிமான்ஷு ராயும் முத்தமிட்டார்கள், அதுவும் நீளமாக. நிஜத்தில் அவர்கள் புருஷன் பெண்டாட்டி. வெள்ளைக்காரன் காலத்தில் சென்சார் என்ற தொல்லையே கிடையாது.

அந்த முத்தமெல்லாம் சுதந்திரத்துக்குப் பிறகு காணாமல் போய்விட்டது. 1950இல் எல்லிஸ் ஆர். டங்கன் 'பொன்முடி'யில் காதல் காட்சியைக் கொஞ்சம் நெருக்கமாக எடுத்ததற்கு, அமெரிக்காக்காரன் நம் பிள்ளைகளைக் கெடுக்கிறான் என்று கத்தினார்கள். அப்புறம்தான் இரண்டு பூக்கள் உரசிக்கொள்ளும் காலம். புறா, மழை, அணையும் விளக்கு. முத்தம் கூடாது. நனைந்த வெள்ளைப் புடவையில் ஐந்து நிமிடம் ஆடலாம், குடும்பத்தோடு பார்க்கலாம், ஏனென்றால் உடம்பில் துணி இருக்கிறது. எனக்கு இந்தக் கணக்கு இன்றுவரை புரியவில்லை. புரிகிறது, ஒத்துக்கொள்ள முடியவில்லை.

ஆக, திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. ஒரே நேர்கோட்டில் கெட்டுப்போகவில்லை.

12.2.2025, இரவு 11.32

'ஏ' சான்றிதழ் என்றாலே ஒரே அர்த்தம் என்று நினைப்பவர்களுக்கு: 1951இல் எம்.ஜி.ஆரின் 'மர்மயோகி'க்கு 'ஏ' கொடுத்தார்கள். பேய் வருகிறதாம்.

13.2.2025, காலை 6.50

மேலே எழுதியதில் தப்பு. வெள்ளைக்காரன் காலத்தில் சென்சார் கிடையாது என்றது அரைத் தூக்கத்தில் எழுதியது. 1918இலேயே சட்டம் வந்துவிட்டது, 1920இல் சென்னை, பம்பாய், கல்கத்தா, ரங்கூனில் தணிக்கை வாரியங்கள் உட்கார்ந்துவிட்டன. கத்தரி இருந்தது, குறி வேறு. 1921இல் 'பக்த விதுரர்' சென்னையில் தடைபட்டது, விதுரர் காந்தி மாதிரி தெரிகிறார் என்று. கே. சுப்ரமணியத்தின் 'தியாகபூமி'க்கும் அதே கதி. முத்தத்தைப் பார்த்து நடுங்காதவர்கள் கதர்க் குல்லாவைப் பார்த்து நடுங்கினார்கள்.

13.2.2025, மதியம் 1.10

எதிர்பார்த்தேன், வந்துவிட்டது: "நம் கோயில் கோபுரத்தில் இல்லாததா?" இந்தத் தலைப்பு எங்கே வந்தாலும் பத்தாவது ஆள் இதைச் சொல்வார். பெரிய ஆட்களும் சொல்லியிருக்கிறார்கள். 'சத்யம் சிவம் சுந்தரம்' ஆபாசம் என்று ராஜ் கபூர்மேல் ஒருவர் போட்ட வழக்கில், 1980இல் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பிலேயே கோனார்க், கஜுராகோ இரண்டையும் இழுத்திருக்கிறார்.

எனக்கு இந்த வாதம் பிடிக்காது. கோபுரத்தில் இருப்பது சுதைப் பொம்மை. அடுத்த நாள் அது பஸ்ஸில் வேலைக்குப் போக வேண்டியதில்லை. நடிகை போக வேண்டும். அவளுடைய அம்மா மளிகைக்கடைக்குப் போக வேண்டும்.

15.2.2025, இரவு 8.30

எங்கள் அப்பாயி கதை சொன்னால்தான் நான் சொல்ல வருவது விளங்கும்.

அப்பாயி ரவிக்கை போட்டதே இல்லை. எங்கள் பக்கத்துக் கிழவிகள் யாருமே போட்டதில்லை. பின்கொசுவம் வைத்த கண்டாங்கி, முந்தானையை இழுத்துச் சொருகினால் முடிந்தது. களத்து மேட்டில் குனிந்து நிமிர்வாள், சந்தைக்குப் போவாள், பண்ணாடியோடு சரிக்குச் சரி சண்டை போடுவாள். ஒருத்தன் கண்ணும் நகராது. அது உடம்பு, அவ்வளவுதான்.

இந்த அப்பாயியை அப்பா ஒருமுறை டூரிங் டாக்கீஸுக்கு மாட்டுவண்டியில் கூட்டிப்போனார். எனக்கு ஏழெட்டு வயது, நானும் இருந்தேன். திரையில் கதாநாயகி கழுத்து வரை மூடிய ரவிக்கையும், கால் வரை புடவையுமாக ஆடினாள். அப்பாயி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கருமம், இப்படியா உடுத்துவா பொம்பள" என்றாள். ரவிக்கை அத்தனை இறுக்கமாம்.

யோசித்துப் பாருங்கள். ரவிக்கை போடாத கிழவி, ரவிக்கை போட்டவளைப் பார்த்து அசிங்கம் என்கிறாள். நடிப்பில்லை, நிஜமாகவே அவளுக்குக் கூசியது. அந்தக் காலத்து கிராமத்துப் படங்களைப் பாருங்கள், நாற்று நடுகிறவள் முதல் கூலிக்காரக் கிழவி வரை எல்லோருக்கும் தைத்த ரவிக்கை. சினிமாதான் எங்கள் ஊர்க் கிழவிகளுக்கு ரவிக்கை போட்டது. ஊர் பிறகுதான் போட்டுக்கொண்டது.

15.2.2025, இரவு 9.14

"அளக்காதீர்கள், படம் இருந்தால் போடுங்கள்" என்கிறார் மதுரைக்காரர். இருக்கிறது. அப்பாயி தனியாக உட்கார்ந்திருக்கும் ஸ்டூடியோ போட்டோ. பரணில் ஏறித் தேடணும், முட்டி வலி.

18.2.2025, இரவு 11.55

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

1996. 'பாண்டிட் குயின்', கொள்ளைக்காரி பூலான் தேவியின் கதை. கோவையில் பார்த்தேன். படம் அந்த வருடம் நீதிமன்றத்துக்குப் போய்வந்த படம். தன் சமூகத்தை இழிவுபடுத்துகிறது என்று ஒருவர் வழக்குப் போட, டெல்லி உயர் நீதிமன்றம் சான்றிதழை ரத்து செய்தது. மே 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. பேப்பரில் வந்த இத்தனை சேதியிலும் எங்கள் கூட்டத்துக்குக் காதில் விழுந்தது ஒன்றுதான்: "சீன் இருக்காம். கட் பண்ணாம விட்டுட்டாங்களாம்." நாலு பேர் பஸ் ஏறினோம். எனக்கு அப்போது 32 வயது, கல்யாணம் ஆகி மகள் பிறந்திருந்தாள்.

அந்தக் காட்சி வந்தது. ஊர் நடுவில், அத்தனை ஆம்பிளைகள் பார்க்க, அவளை அம்மணமாக நடக்கவிட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கச் சொல்கிறார்கள். எங்களுக்கு முன்வரிசையில் ஒருவன் விசிலடித்தான். ஒரே ஒரு விசில். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. பாதியில் நிறுத்திக்கொண்டான். அப்புறம் கொட்டகையில் கேட்டதெல்லாம் கிணற்று உருளைச் சத்தம்தான். திரையில் ஒரு கூட்டம் நின்று வேடிக்கை பார்க்கிறது, கீழே நாங்கள் இன்னொரு கூட்டம். திரும்பி வரும்போது பஸ்ஸில் நாலு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

தீர்ப்பை ரொம்ப வருடம் கழித்துப் படித்தேன். அந்தக் காட்சி பார்ப்பவனைக் கிளுகிளுக்க வைக்க எடுத்ததல்ல, அவளுக்காக இரங்கவும், அதைச் செய்தவர்களை அருவருக்கவும் எடுத்தது என்கிறார்கள் நீதிபதிகள். 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படத்தில் யூதர்களை நிர்வாணமாக்கி ஓட்டும் காட்சியையும் எடுத்துக்காட்டாகச் சொல்லிவிட்டு, வக்கிரம் பிடித்தவனைக் காப்பாற்றுவதற்காக நாங்கள் தணிக்கை செய்வதில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரியில் என்னைத் தொட்டுச் சொன்ன மாதிரி இருந்தது. விசிலடித்தவன் நான் இல்லை. ஆனால் டிக்கெட் எடுத்தது எதற்கு என்று எனக்குத் தெரியுமே.

19.2.2025, காலை 10.20

நேற்றையதற்கு வந்த பதில்களைப் படித்தேன். "அப்படியானால் அந்தக் காட்சி சரிதானே, ஏன் வருத்தப்படுகிறீர்கள்?"

அவ்வளவு சுலபமாக முடியவில்லை. ஒன்று, பூலான் தேவி அப்போது உயிரோடு இருந்தார். தன் கதையை இப்படிக் காட்டக்கூடாது என்று அவரே படத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார், பிறகு சமரசம் ஆனது. இரண்டு, அந்தக் காட்சியில் நடந்துபோனது பூலானாக நடித்த சீமா பிஸ்வாஸ் இல்லை, அவருக்குப் பதிலாக வேறொரு பெண். பேட்டி, பாராட்டு, தேசிய விருது எல்லாம் வந்தது, அந்த இன்னொரு பெண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. காட்சியின் நோக்கம் என்ன என்று நீதிமன்றம் கேட்டது, நியாயம்தான். உடம்பைக் கொடுத்தவளை எப்படி நடத்தினீர்கள் என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்டுப் பழக்கமில்லை, நான் உட்பட.

பெர்னார்டோ பெர்டொலூச்சி என்ற பெரிய மேதை 1972இல் எடுத்த 'லாஸ்ட் டேங்கோ இன் பாரிஸ்' படத்தைக் கொண்டாடிய சினிமாக்காரர்கள் எத்தனை பேர். 19 வயது மரியா ஷ்னைடரிடம் ஒரு காட்சியின் விவரத்தை வேண்டுமென்றே முன்கூட்டிச் சொல்லவில்லை என்று அவரே 2013இல் ஒத்துக்கொண்டார். மரியா அதற்குள் செத்துப்போயிருந்தார்.

22.2.2025, மாலை 6.00

கொஞ்சம் லேசாகப் பேசுவோம்.

'ஓப்பன்ஹைமர்' தியேட்டரில் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். நாற்காலிக் காட்சியில் ஃப்ளோரன்ஸ் ப்யூ ஒரு கறுப்பு கவுன் போட்டிருந்தாரே, அது தைத்ததல்ல. நம்மைப் போன்ற நாடுகளுக்காகக் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டது. அமெரிக்காவில் 17 வயதுக்குக் கீழே தனியாகப் போக முடியாத 'ஆர்' வாங்கிய படத்துக்கு இங்கே 'யு/ஏ'. பக்கத்துச் சீட்டில் ஒரு பையன் அப்பாவோடு வந்து பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தான். அணுகுண்டு பார்க்கலாம், முதுகு பார்க்கக்கூடாது.

இதில் புதுசு எதுவும் இல்லை. 1934இல் 'டார்ஜான் அண்ட் ஹிஸ் மேட்' படத்தில் ஜேன் துணியில்லாமல் நீருக்கடியில் நீந்தும் காட்சி இருந்தது. மாரீன் ஓ'சல்லிவனுக்குப் பதிலாக நீந்தியவர் ஜோசஃபின் மெக்கிம், ஒலிம்பிக் நீச்சல்காரி. ஹேஸ் விதிகள் என்ற ஹாலிவுட் தணிக்கை விதிகளை அந்த வருடம்தான் இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்தார்கள், மூலப் பிரதியிலேயே வெட்டச் சொன்னார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான் அந்த நீச்சல் படத்துக்குள் திரும்பி வந்தது. எங்கள் ஆபரேட்டர் அண்ணன் ஒட்டினார், அவர்கள் வெட்டினார்கள், இப்போது தைக்கிறார்கள்.

22.2.2025, மாலை 6.25

இழையைத் தொடங்கியவருக்கு ஒரு உபயோகமான விஷயம்: போன நவம்பரிலிருந்து 'யு/ஏ'வை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். அது தியேட்டருக்கு. நீங்கள் பார்க்கிற சீரிஸிலும் ஆரம்பத்தில் மூலையில் வயதும், என்னென்ன இருக்கிறது என்பதும் சின்ன எழுத்தில் வரும். அப்பா கண்ணாடி போடுவதற்குள் நீங்கள் படித்துவிடுங்கள்.

23.2.2025, இரவு 10.10

'ஆடை' படத்தை யாரும் சொல்லவில்லையே என்று பார்த்தேன். 2019, ரத்னகுமார், அமலா பால், 'ஏ'. டீசர் வந்தபோது கத்திய கத்தலை மறக்க முடியுமா. என் மகள்தான் டிக்கெட் போட்டாள். "அப்பா, நீங்களும் வாங்க" என்றாள். பிட்டுப் படத்துக்குப் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டு போனவனுக்கு இது எப்படி இருந்திருக்கும்! போனேன். நடுவில் ஒரு சீட் விட்டு உட்கார்ந்தேன், அவள் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

படத்தின் இரண்டாம் பாதி எனக்குப் பெரிதாக ஒட்டவில்லை, கடைசியில் பிரசங்கம் வேறு. ஆனால் ஒன்று கவனித்தேன். கேமரா அவளை ருசித்துப் பார்க்கவில்லை. காலியான கட்டடத்தில் ஒருத்தி எப்படி வெளியே போவாள் என்ற பயம்தான் எனக்கு இருந்தது. விசில் வரவில்லை. அந்தக் காட்சிகளை எடுக்கும்போது 15 பேர்தான் இருந்தார்கள் என்று அமலா பால் அப்போது சொல்லியிருந்தார். வெளியே வந்து அதைச் சொன்னேன். மகள், "இப்ப அதுக்குன்னே ஆள் இருக்காங்கப்பா" என்று இன்டிமசி கோஆர்டினேட்டர் என்ற வேலையைப் பற்றி விளக்கினாள். ஹெச்.பி.ஓ. 2018இல் 'தி டியூஸ்' தொடருக்கு அப்படி ஒருவரை வைத்தார்களாம், நடிகையே கேட்டதால். யார் எங்கே தொடலாம், கேமரா எங்கே நிற்கும், கட் சொன்ன அடுத்த நொடி யார் போர்வையைக் கொடுப்பது, எல்லாம் எழுதி ஒப்பந்தம். சண்டைக் காட்சிக்கு மாஸ்டர் மாதிரி.

"போர்வை கொடுக்க ஆள்" என்பதை மட்டும் இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கிணற்றடியில் நடந்த அந்தப் பெண்ணுக்கு யார் கொடுத்திருப்பார்கள்?

9.3.2025, மதியம் 3.40

பரணில் ஏறியாகிவிட்டது. அப்பாயி போட்டோ கிடைத்தது. மதுரைக்காரர் ஜெயித்தார்.

படத்தில் அப்பாயி ரவிக்கை போட்டிருக்கிறாள். முழங்கை வரை, பூப்போட்டது. ஐம்பது வருடமாக வெறும் தோளோடுதான் அந்தப் படம் என் மனசில் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ரவிக்கைதான்.

9.3.2025, இரவு 9.30

அக்காவுக்கு போன் போட்டேன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள், அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஸ்டூடியோவுக்கு வண்டி கட்டியபோது அப்பாதான் சொன்னாராம், "போட்டோ சுவத்துல மாட்டறது, நாலு பேர் பாப்பாங்க" என்று. அத்தையின் ரவிக்கை அது. அப்பாயிக்குப் பத்தவில்லை, முதுகில் ஊக்கு குத்தி முன்பக்கம் மட்டும் சரிசெய்து உட்கார வைத்திருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் தோள்பட்டை தூக்கிக்கொண்டு இருப்பது தெரிகிறது.

திரும்பி வரும் வழியிலேயே, வண்டி ஊர் எல்லையைத் தாண்டுமுன், அப்பாயி ஊக்கைக் கழற்றச் சொன்னாளாம். "கையக் கட்டிப்போட்ட மாதிரி இருக்குது" என்றாளாம். ரவிக்கையை மடித்து அத்தை மடியில் வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாளாம்.